ஒழுக்கமும் ஓர் அறையில் பன்னிரண்டு பேரும்

2020 ஜூன் 4ஆம் தேதி ஜப்பானிய நாடாளுமன்ற மேலவையின் குழுக் கூட்டம் ஒன்றில், நிதியமைச்சர் டாரோ அஸோ தம் நாடு கொரோனாவை வென்ற ரகசியத்தைச் சொன்னார். நெருக்கடிநிலை விலக்கப்பட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஜப்பானில் அதுவரை இறந்தவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. உங்களிடம் மட்டும் ஏதாவது மருந்து இருக்கிறதா என்று வெளிநாடுகளிலிருந்து தொலைபேசியில் கேட்கிறார்களாம். உங்கள் நாட்டுக்கும் எங்கள் நாட்டுக்கும் ‘மிண்டோ’ வேறு என்று இவர் பதில் சொல்வாராம். மிண்டோ என்றால் மக்களின் தரம். கேட்டவர்கள் அதோடு வாயை மூடிக்கொள்வார்களாம்.

மரியாதைக்காக மூடிக்கொண்டிருப்பார்கள். அன்றைய தேதிக்குத் தைவானில் இறந்தவர்கள் மொத்தமே ஏழு பேர். வியட்நாமில் ஒருவர்கூட இல்லை. மக்கள்தொகையை வைத்து வகுத்துப் பார்த்தால் தென்கொரியாவிலும் ஜப்பானைவிடக் குறைவு. மிண்டோவை அளக்கும் படி இதுதான் என்றால், வரிசையில் ஜப்பானுக்கு முன்னால் பலர் நின்றுகொண்டிருந்தார்கள். அஸோ ஐரோப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டார், அக்கம்பக்கம் திரும்பவில்லை.

அவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அதே பேச்சைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டு நாமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அவர் தம் மக்களை உயர்த்தினார். நாம் நம் மக்களைத் தாழ்த்துகிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. ஊரடங்கு முடிந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும், பேச்சு அந்தக் காலத்தின் பக்கம் திரும்பினால் டீக்கடையானாலும் கல்யாண வீடானாலும் தீர்ப்பு ஒன்றுதான்: “நம்ம ஜனத்துக்குச் சுட்டுப்போட்டாலும் ஒழுக்கம் வராது சார். சிங்கப்பூரைப் பாருங்க, ஜப்பானைப் பாருங்க, ஜெர்மன்காரனைப் பாருங்க. திறன்னா திறந்தான், மூடுன்னா மூடினான்.” சொல்பவர் பெரும்பாலும் படித்தவர். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். நானும் சில காலம் தலையாட்டியிருக்கிறேன்.

அந்தத் தலையாட்டலை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பிற நாடுகள் முடக்கத்திலிருந்து வெளியே வந்த கதையை வரிசையாகப் பார்த்தால், ஒழுக்கம் என்ற விளக்கம் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. டீக்கடைத் தீர்ப்பு கைகாட்டும் மூன்று நாடுகளும்தான் அதைப் பொய்யாக்கும் முதல் சாட்சிகள்.

சிங்கப்பூரிலிருந்தே தொடங்கலாம். நம்மவர்கள் கைகாட்டும் முதல் ஊர் அது. நம்மவர்களில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு மச்சானோ சித்தப்பாவோ இருப்பார். 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் உலகமே அந்த ஊரைப் பாராட்டியது. நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்களைத் துப்பறிந்து தேடிப் பிடித்தார்கள். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை ‘சர்க்கியூட் பிரேக்கர்’ என்று பெயரிட்ட முடக்கம். விதியை மீறியவருக்கு 300 வெள்ளி அபராதம். ஒழுக்கவாதி கனவு காணும் நாடு அப்படியே கண்முன் நின்றது.

அந்த நாட்டுக்குள் இன்னொரு நாடு இருந்தது. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் ஏறத்தாழ 3,23,000 பேர் தொழிலாளர் விடுதிகளில் தங்கியிருந்தார்கள். பலர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள், பலர் வங்கதேசத்தவர். ஓர் அறையில் பன்னிரண்டு முதல் இருபது பேர். இரண்டடுக்குக் கட்டில், பொதுக் கழிப்பறை, பொதுச் சமையலறை. காலையில் வேலைத்தளத்துக்குப் போவது லாரியின் பின்தளத்தில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. நாட்டின் மக்கள்தொகையில் இவர்கள் ஆறு விழுக்காடுகூட இல்லை. ஆனால் 2020 டிசம்பரில் அரசே வெளியிட்ட கணக்கின்படி, பிசிஆர் சோதனையில் தொற்று உறுதியான விடுதிவாசிகள் மட்டும் 54,505 பேர். அன்றுவரை நாட்டில் உறுதியான மொத்தத் தொற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இவர்களுடையது. ரத்தச் சோதனையில் பின்னால் தெரியவந்தவர்களையும் சேர்த்தால் விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குக் கிருமி வந்து போயிருந்தது. விடுதிக்கு வெளியே உள்ள சிங்கப்பூரில் உறுதியான தொற்று சில ஆயிரத்தோடு நின்றது.

இந்த மனிதர்களைவிட ஒழுங்குக்குள் வாழ்ந்தவர்களை வேறு எங்கே தேடுவது? விடியும் முன் எழுகிறார்கள். சொன்ன நேரத்தில் லாரி ஏறுகிறார்கள். வேலை பெர்மிட் முதலாளியின் கையில் இருக்கிறது. ஒரு சின்னப் புகார் போதும், அடுத்த விமானத்தில் ஊர். அவர்களிடம் போய், இடைவெளி விட்டு நில், அடிக்கடி கை கழுவு என்று சொன்னால் கேட்க மாட்டோம் என்றா சொல்லியிருப்பார்கள்? பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் எந்தச் சுவரைப் பார்த்து இடைவெளி விடுவது?

ஒழுக்கவாதிக்கு இங்கே ஒரு சங்கடம் வருகிறது. தமிழன் ஊரில் எச்சில் துப்புவான், சிங்கப்பூரில் இறங்கினால் துப்ப மாட்டான், அங்கே சட்டம் அப்படி என்பது அவருடைய பழைய வசனம். சரி, இவர்கள் அதே தமிழர்கள், அதே சட்டத்தின் கீழே இருந்தவர்கள். பிறகு ஏன் கிருமி இவர்களை மட்டும் தேடி வந்தது? சட்டம் ஒன்று, அபராதம் ஒன்று, ஊர் ஒன்று. வேறுபட்டது படுக்கும் அறை மட்டும்.

இது யாருக்கும் தெரியாத விஷயமாகவும் இருக்கவில்லை. டி.டபிள்யூ.சி.2 என்ற தொழிலாளர் நல அமைப்பு மார்ச் மாதமே, அதாவது விடுதிகளில் தொற்று வெடிப்பதற்கு முன்பே, அறையின் நெரிசலையும் லாரியையும் சுட்டிக்காட்டி நாளிதழுக்குக் கடிதம் எழுதியது. ஏழை சொல் அம்பலம் ஏறாது. ஏழைக்காகச் சொன்ன சொல்லும் ஏறவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் பொங்கோலில் உள்ள பெரிய விடுதி உட்பட இரண்டு விடுதிகளைத் தனிமைப்பகுதி என்று அறிவித்துக் கதவைச் சாத்தினார்கள். அதன் பிறகு அரசு செய்தது நிறைய: உணவு, சம்பளத்துக்கு உத்தரவாதம், மருத்துவக் குழுக்கள், காலியாக இருந்த ராணுவ முகாம்களுக்கும் கப்பல்களுக்கும் ஆட்களை மாற்றியது. இறப்பு மிகக் குறைவாக இருந்ததற்கு இந்த வேலையும் தொழிலாளர்களின் இளம் வயதும் காரணம். அதை மறைப்பது நியாயமல்ல. ஆனால் பாருங்கள், காப்பாற்றியதும்கூட ஒழுக்கப் பிரசங்கம் இல்லை. இடமும் சோறும் சம்பளமும்தான்.

ஜெர்மனிக்கு வருவோம். மே மாதம் அந்த நாடு திறந்த விதம் கணக்கில் தேர்ந்தவர்களின் வேலை. ஏப்ரலில் அன்றைய சான்சலர் அங்கெலா மெர்க்கல் செய்தியாளர் முன் நின்று, ஒருவர் 1.1 பேருக்குப் பரப்பினால் மருத்துவமனைகள் அக்டோபரில் நிரம்பும், 1.2 என்றால் ஜூலையில், 1.3 என்றால் ஜூனிலேயே என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல் விளக்கினார். எந்த மாவட்டத்தில் ஏழு நாளில் லட்சம் பேருக்கு 50 புதிய தொற்று என்ற எல்லை தாண்டுகிறதோ அந்த மாவட்டம் மட்டும் மறுபடி கட்டுப்பாட்டுக்குள் போகும் என்று மே 6 அன்று விதி வந்தது. அப்படி முதலில் முழுசாகத் திரும்பப் பூட்டப்பட்ட மாவட்டம் கூட்டர்ஸ்லோ. காரணம், டோனியஸ் நிறுவனத்தின் இறைச்சி ஆலை. ஜூன் மாதத்தில் அங்கே 1,500 தொழிலாளர்களுக்கு மேல் தொற்று; ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு தனிமைப்படுத்தப்பட்டார்கள்.

ஆலையில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் ருமேனியா, பல்கேரியா, போலந்திலிருந்து உள்குத்தகைக்காரர்கள் கூட்டி வந்தவர்கள். ஒரு வீட்டில் பலர் அடைந்து வாழ்ந்தவர்கள். அந்த மாநில முதல்வர் அர்மின் லாஷெட்டிடம், நீங்கள் அவசரப்பட்டுத் திறந்ததால்தானே இது என்று கேட்டபோது, ருமேனியர்களும் பல்கேரியர்களும் வந்ததால் வந்த கிருமி இது என்ற பொருளில் பதில் சொன்னார். கண்டனம் கிளம்பியது, யாரையும் பழிக்கவில்லை என்று பின்னால் விளக்கம் கொடுத்தார். நம் டீக்கடைத் தீர்ப்பின் ஐரோப்பியப் பதிப்பு அது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பின்பு விஞ்ஞானிகள் அந்த ஆலையை ஆராய்ந்தார்கள். வெட்டும் கூடத்தில் குளிரூட்டிய அதே காற்றைத் திரும்பத் திரும்பச் சுழற்றியதில், ஒரு தொழிலாளியிடமிருந்து எட்டு மீட்டர் தள்ளி நின்றவர்களுக்கும் கிருமி போயிருந்தது. விதி கேட்ட இடைவெளி ஒன்றரை மீட்டர். விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தவனும் அந்தக் கூடத்தில் தப்பியிருக்க முடியாது.

ஜெர்மன் அரசு அடுத்து என்ன செய்தது என்பதுதான் நாம் படிக்க வேண்டிய பாடம். தொழிலாளிக்கு நல்லொழுக்க வகுப்பு எடுக்கவில்லை. 2021 ஜனவரி 1 முதல் பெரிய இறைச்சி ஆலைகளில் வெட்டும் வேலைக்கும் பதப்படுத்தும் வேலைக்கும் உள்குத்தகை ஆட்களை வைக்கக் கூடாது, ஆலையே நேரடியாக வேலைக்கு எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. பல ஆண்டுகளாகத் தொழிற்சங்கங்கள் கேட்டுக் கிடைக்காத சட்டத்தைக் கிருமி வாங்கிக் கொடுத்தது.

“அதெல்லாம் சரி, காய்ச்சல் வந்த பிறகும் வெளியே சுற்றினானே, அது ஒழுக்கக்கேடு இல்லையா?” இந்தக் கேள்வி நியாயமானது. இதற்கு விடை மெல்போர்னில் இருக்கிறது.

2020 ஜூலையில் மெல்போர்னில் இரண்டாம் அலை வந்தது. விக்டோரியா மாநில முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் ஒரு கணக்கை வெளியிட்டார். ஜூலை 7க்கும் 21க்கும் இடையே தொற்று உறுதியானவர்கள் 3,810 பேர். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், உடம்பு முடியாமல் போன நாளிலிருந்து சோதனைக்குப் போகும்வரை தனித்திருக்கவில்லை. நம் ஊரில் இப்படி ஒரு கணக்கு வந்திருந்தால் மறுநாள் தலையங்கம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆண்ட்ரூஸ் வேறு மாதிரி வாசித்தார். இவர்களில் பலர் நாள்கூலிக்காரர்கள், நோய்விடுப்பு இல்லாதவர்கள். வேலைக்குப் போகாவிட்டால் அந்த வாரச் செலவுக்குக் காசில்லை, அதனால் போயிருக்கிறார்கள் என்றார். நோய்விடுப்பு இல்லாதவருக்குத் தொற்று உறுதியானால் 1,500 டாலர். சோதனை முடிவு வரும்வரை வீட்டில் இருக்க 300 டாலர். அந்தக் கணக்குக்கு அரசு எழுதிய விடை இது.

ஆண்ட்ரூஸைப் புனிதராக்க நான் வரவில்லை. அதே மாதம் 4ஆம் தேதி, அதே அரசுதான் வடக்கு மெல்போர்னிலும் பிளெமிங்டனிலும் உள்ள ஒன்பது அடுக்குமாடிக் குடியிருப்புகளை முன்னறிவிப்பே இல்லாமல் போலீஸை நிறுத்தி அடைத்தது. அரசு கட்டிக் கொடுத்த வீடுகள் அவை. உள்ளே ஏறத்தாழ 3,000 பேர், பலர் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். மளிகை வாங்கக்கூட அவகாசம் தரவில்லை. அப்படி உடனடியாக அடைத்தது மனித உரிமைக்கு முரணானது என்று டிசம்பரில் அந்த மாநிலத்தின் குறைதீர்ப்பாளர் அறிக்கை தந்தார். அதே டிசம்பரில் வந்த இன்னொரு விசாரணை அறிக்கை, இரண்டாம் அலையின் வேர் எங்கே இருந்தது என்று சொன்னது: வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த ஓட்டல்களில். அங்கே காவலுக்கு நின்றவர்கள் தனியார் ஒப்பந்த ஆட்கள், அரைகுறைப் பயிற்சியோடு. மாடிக் குடியிருப்பில் இருந்த ஏழைகளிடம் தேடப்பட்ட தவறு, அரசே போட்ட ஒப்பந்தத்துக்குள் கிடந்தது. அந்த அலையில் எழுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஊர் நூற்றுப் பத்து நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்தது.

நியூசிலாந்தின் பெயரை இங்கே யாராவது எடுப்பார்கள். ஐம்பது லட்சம் பேரும் ஒரே அணி என்ற முழக்கம் அழகானது. முழக்கத்துக்கு முன்னால் பணம் போயிற்று என்பதை விட்டுவிடுகிறோம். முழுநேரப் பணியாளர் ஒருவருக்கு வாரம் 585 டாலர் 80 சென்ட் என்று பன்னிரண்டு வாரத் தொகையை முதலாளிகள் கையில் மொத்தமாகக் கொடுத்தார்கள், சம்பளத்தை நிறுத்தாதே என்று. சுற்றிலும் கடல், கையில் பணம், நடுவில் மக்களின் ஒத்துழைப்பு. மூன்றில் மூன்றாவதை மட்டும் எடுத்துச் சொல்வது கதையைப் பாதியில் வெட்டுவது.

தென்கொரியாவிலிருந்து கற்க வேண்டியது வேறு வகை. நாட்டை முழுசாகப் பூட்டாமலே சமாளித்தவர்கள் அவர்கள். மே 6 அன்று கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள்; அதே வாரம் சியோலின் இட்டேவோன் பகுதி இரவு விடுதிகளிலிருந்து தொற்று கிளம்பியது. அவற்றில் சில தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடும் இடங்கள். பத்திரிகைகள் அதைத் தலைப்பில் போட்டன. விளைவு, அங்கே போனவர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. வீட்டுக்குத் தெரிந்தால், ஆபீசுக்குத் தெரிந்தால் என்ற பயம். இன்சியோனில் ஒரு தனிப்பயிற்சி ஆசிரியர், தமக்கு வேலையே இல்லை என்று விசாரித்தவர்களிடம் பொய் சொன்னார்; அவரிடம் படித்த பிள்ளைகளுக்கும் அவர்கள் வழியாக மற்றவர்களுக்கும் பரவிவிட்டது. அவருக்கு ஆறு மாதச் சிறை. அந்தத் தண்டனையால் ஒரு தொற்றுகூடக் குறைந்திருக்காது என்றே நினைக்கிறேன். குறைத்தது வேறொன்று. சியோல் மாநகராட்சி, பெயர் சொல்ல வேண்டாம், தொலைபேசி எண் மட்டும் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள் என்றது. சோதனைக்கு வந்தவர்கள் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அந்தத் தொற்றுத் தொடர் முந்நூறைத் தொடாமல் அடங்கிற்று. நோயாளியின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டித் தகரம் அடித்த ஊர்க்காரர்கள் நாம். யார் வீட்டுக்குத் தகரம் வந்ததோ அந்த வீட்டுக்கு எதிர்வீட்டில் இருமியவர் சோதனைக்குப் போயிருப்பாரா, கசாயம் குடித்துவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பாரா?

பள்ளிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்றே சின்ன வகுப்புகளைத் திறந்தது, ஐரோப்பாவில் முதலாவதாக. பிள்ளைகளைச் சிறு சிறு குழுவாகப் பிரித்துப் பூங்காவிலும் திறந்த வெளியிலும் உட்காரவைத்தார்கள். பெரிய கேடு எதுவும் வரவில்லை. இஸ்ரேல் மே 17இல் எல்லா வகுப்பையும் திறந்தது. முப்பத்தைந்து, முப்பத்தெட்டுப் பேர் கொண்ட வகுப்பறைகள். வெயில் கொளுத்தியதால் மூன்று நாளைக்கு முகக்கவசத்திலிருந்து அரசே விலக்கு அளித்தது; சன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டார்கள். ஜெருசலேமில் ஒரே பள்ளியில் 153 மாணவர்கள், 25 ஊழியர்களுக்குத் தொற்று. டேனிஷ் பிள்ளை அடக்கமானது, யூதப் பிள்ளை அடங்காதது என்று யாராவது சொல்வார்களா? இந்த ஒழுக்கக் கணக்கை வளர்ந்தவர்களுக்கு, அதிலும் ஏழைகளுக்கு மட்டும்தான் போடுகிறோம்.

ஒழுக்கவாதியின் அடுத்த தற்காப்பு எனக்குத் தெரியும். “மக்களைச் சும்மா விட்டால் இப்படித்தான். கம்பெடுத்தால் சரியாகும்.” கம்பெடுத்த நாட்டையும் பார்த்துவிடுவோம்.

பெருவைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் எழுதவில்லை. எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மனத்தை அதிகம் அரித்த நாடு அதுதான், ஏனென்றால் அது நம்மைப் போலவே இருக்கிறது. 2020 மார்ச் 16 அன்று, நம்மைவிட ஒன்பது நாள் முன்னதாக, லத்தீன் அமெரிக்காவிலேயே மிகக் கடுமையான முடக்கங்களில் ஒன்றை அந்த நாடு கொண்டுவந்தது. தெருவில் ராணுவம், இரவில் முழு ஊரடங்கு. ஏப்ரலில் அதையும் கடுமையாக்கி, ஆண்கள் மூன்று நாள், பெண்கள் மூன்று நாள்தான் வெளியே வரலாம் என்று பிரித்தார்கள். வீட்டுக்குச் சாமான் வாங்குவது பெண்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை போலும். பெண்களின் நாளில் சந்தைகள் பிதுங்கின. ஒரு வாரத்திலேயே அதைக் கைவிட்டார்கள்.

சந்தைக்குத் தினம் போவது ஏன்? அந்த நாட்டில் சுமார் பாதிக் குடும்பங்களில் ஃபிரிட்ஜ் இல்லை. ஒரு வாரத்துக்கு மீனும் காயும் வாங்கி வை என்று அரசு சொல்லலாம், எங்கே வைப்பது? உழைப்பவர்களில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டினர் அன்றாடம் உழைத்து அன்றாடம் சாப்பிடுபவர்கள். வாரத்துக்கு வாங்கக் காசும் இல்லை. அரசு இதை உணர்ந்து ஏழைக் குடும்பங்களுக்கு 380 சோல் உதவித்தொகை அறிவித்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் பலருக்கு வங்கிக் கணக்கு இல்லை. எல்லாரும் வங்கி வாசலில் வரிசை கட்டினார்கள். கிருமியைத் தடுக்க வந்த பணம் கிருமிக்கே கூட்டம் கூட்டிக் கொடுத்தது. 2021 மே கடைசியில் பெரு தன் இறப்புக் கணக்கைத் திருத்தியது: 69,342 அல்ல, 1,80,764. மக்கள்தொகை வெறும் மூன்று கோடியே சொச்சம். தலைக்கணக்கில் அன்று உலகிலேயே மிக அதிகம்.

கம்பும் இருந்தது, சட்டமும் இருந்தது, முந்திக்கொண்ட வேகமும் இருந்தது. ஃபிரிட்ஜ் மட்டும் இல்லை.

பெருவின் சந்தையை வாசித்தபோது எனக்குச் சென்னையின் கோயம்பேடு சந்தை நினைவுக்கு வராமல் போகவில்லை. 2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரையில் 26ஆம் தேதி முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. நடுவில் ஒரே ஒரு நாள். 25ஆம் தேதி காய்கறிக்கும் மளிகைக்கும் ஊரே கிளம்பியது. படங்களைப் போட்டுத் ‘திருந்தாத ஜென்மங்கள்’ என்று எழுதினோம். நான்கு நாள் கடை கிடையாது என்று ஒரு நாள் முன்னால் சொன்னால், மிண்டோ ததும்பும் டோக்கியோவாசியும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத்தான் செய்வார். கோயம்பேட்டிலிருந்து கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று லாரியோடும் சுமைதூக்குபவர்களோடும் தொற்று போனது. மே 5இல் சந்தையைப் பூட்டினார்கள். அந்தக் கூட்டத்தைக் கூட்டிய அறிவிப்பில் கையெழுத்துப் போட்டவருக்கு ஒழுக்கம் இல்லை என்று இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒழுக்கத்தை மேலிருந்து கீழே மட்டும் கேட்பது நம் ஊர் வழக்கம் என்று நினைத்தால், லண்டனைப் பார்க்கலாம். விதி எழுதிய பிரதமர் அலுவலக வட்டாரத்திலேயே முடக்கக் காலத்தில் விருந்துகள் நடந்தன. போலீஸ் விதித்த அபராதங்கள் 126; பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கும் ஒன்று. அதே நாட்டில் காய்ச்சலோடு வீட்டில் இருக்கும் தொழிலாளிக்குச் சட்டப்படியான நோய்க்காலப் படி அன்று வாரம் 95 பவுண்டு 85 பென்ஸ். லெஸ்டர் நகரின் தையல் பட்டறைத் தொழிலாளி அதில் வாடகை கட்டுவானா, சாப்பிடுவானா? ஜூன் கடைசியில் நாடு திறக்கும்போது லெஸ்டரை மட்டும் திரும்பப் பூட்டினார்கள். ஆகஸ்டில், ஓட்டலில் சாப்பிட்டால் தலைக்குப் பத்துப் பவுண்டு வரை பாதிப் பணம் அரசே தரும் என்று கூட்டத்தை உள்ளே அழைத்தார்கள்.

அஸோவிடம் திரும்புகிறேன். அவருடைய மக்கள் முதல் அலையில் நன்றாகவே நடந்துகொண்டார்கள். முகக்கவசம் அங்கே பழைய பழக்கம், அது உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நாட்டின் உண்மையான சாமர்த்தியம் வேறு. கிருமி காற்றில் தங்கும் என்பதைப் பல நாடுகளுக்கு முன்பே அவர்களுடைய நிபுணர்கள் மோப்பம் பிடித்தார்கள். அடைத்த இடம், நெரிசலான இடம், நெருங்கிப் பேசும் இடம். இந்த மூன்றையும் தவிர் என்று மூன்றே சொல்லில் மக்களுக்குச் சொன்னார்கள். மூன்றுக்கும் பொதுவான ‘மிட்சு’ என்ற எழுத்து அந்த ஆண்டின் எழுத்தாகவே தேர்வானது. இது அறிவு. அறிவைத் தரம் என்று மாற்றிப் பெயர் சூட்டியது அரசியல்.

2020 ஜூலையில் உள்நாட்டுச் சுற்றுலாவுக்கு மானியம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பிய அரசு, டிசம்பர் கடைசியில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஜனவரி, ஏப்ரல், ஜூலை என்று டோக்கியோவில் நெருக்கடிநிலை மறுபடி மறுபடி வந்தது. 2021 ஆகஸ்டில் ஆஸ்பத்திரியில் இடமில்லை. நோய் முற்றியவர்கள் தவிர மற்றவர்கள் வீட்டிலேயே இருங்கள் என்றார்கள். வீட்டிலேயே இறந்தவர்களும் உண்டு. பதினான்கு மாதத்தில் ஒரு நாட்டு மக்களின் தரம் இறங்கிவிடுமா? மக்கள் அவர்களேதான். கிருமி மாறியிருந்தது, தடுப்பூசி தாமதமாகியிருந்தது, படுக்கை போதவில்லை.

நடத்தைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. வீட்டில் சும்மா இருந்துகொண்டு, சம்பளமும் வந்துகொண்டு, தனி அறையும் வைத்துக்கொண்டு, முகக்கவசம் போட மறுத்தவர்களைப் பற்றிச் சொல்ல என்னிடமும் நிறைய உண்டு. அவர்கள் வாட்ஸாப்பில் மற்றவர்களுக்கு ஒழுக்கம் போதித்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் நினைவில் இருக்கிறது. நான் மறுப்பது ஒன்றைத்தான்: நாடுகளுக்கிடையே நாம் கண்ட வேறுபாட்டை ஒழுக்கம் விளக்குகிறது என்பதை. அது விளக்கவில்லை. ஒரே நாட்டுக்குள், ஒரே மாதத்தில், ஒரே சட்டத்தின் கீழ், விடுதியில் ஒரு விதமாகவும் வீட்டில் ஒரு விதமாகவும் விளைந்த ஒன்றை ‘மக்களின் குணம்’ எப்படி விளக்கும்?

இருந்தும் அந்த விளக்கம் சாகாமல் இருப்பதற்குக் காரணம் எளிது. அதற்குச் செலவில்லை. விடுதி அறையைப் பெரிதாக்கச் செலவு உண்டு, நோய்விடுப்புக்குச் செலவு உண்டு, காற்றோட்டத்துக்குச் செலவு உண்டு. ஒழுக்கம் கேட்கக் காசு வேண்டாம். கிடைக்காவிட்டால் அடிக்கவும் உரிமை வந்துவிடுகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், குறித்த நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில் ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சில நாளில் இருவருமே உயிரோடு இல்லை. ஊரடங்கைத் தளர்த்தி, கடை திறக்க நேரம் குறித்துக் கொடுத்த மாதம் அது.

கடைசியாக ஒன்று. சிங்கப்பூர் 2020 ஜூன் 2 முதல் படிப்படியாகத் திறந்தது. அம்மாதத்திலேயே உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. ஆகஸ்டில் விடுதிகளிலும் தொற்று தீர்ந்ததாக அறிவித்தார்கள். ஆனால் விடுதிவாசிகளுக்கு அறை, லாரி, வேலைத்தளம், திரும்ப அறை. ஓய்வு நாளில் அனுமதி வாங்கிக்கொண்டு அவர்களுக்கென்றே உள்ள பொழுதுபோக்கு மையம். அவ்வளவுதான். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகு, 2021 செப்டம்பரில் ஒரு முன்னோட்டம் தொடங்கியது: வாரத்துக்கு ஐந்நூறு பேர் வரை, புறப்படும் முன் சோதனை செய்துகொண்டு, ஆறு மணிநேரம் லிட்டில் இந்தியாவுக்குப் போய் வரலாம்.